குறிப்பறியத் தேவையில்லாதவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் ஒரு பேச்சு பல வருடங்களாகப் புழங்குகிறது. வடநாட்டுப் பையன்கள் சொன்ன வேலையைச் செய்வார்கள், எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். நம்ம ஊர்ப் பையன்கள் சேர்ந்த மறுநாளே சட்டம் பேசுவார்கள் என்பது அது. ஆலை முதலாளி, லேபர் காண்ட்ராக்டர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் என்று யாரும் இதைச் சொல்லலாம். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சொல்பவருக்குக் கிடையாது. கூலி பற்றிய பேச்சு என்று நாமும் கேட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் என்ன நினைக்கிறார்கள், நாளைக்கு என்ன செய்வார்கள் என்று இரண்டையும் அது ஒரே மூச்சில் அறிவித்துவிடுகிறது. அப்படி அறிவித்ததைச் சோதித்துப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில், இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளியில் சோதனை தானாகவே நடந்தது. தங்குமிடத்தில் மாடியிலிருந்து விழுந்து ஒரு வடமாநிலத் தொழிலாளி இறந்தார். இழப்பீடு கேட்டுக் கூடிய சக தொழிலாளர்களுக்கும் போலீசுக்கும் இடையே மோதல் மூண்டு, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கைது என்று போனது. கேள்வியே கேட்காதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் கேட்டுவிட்டார்கள். உடனே பேச்சு மறுபக்கம் சாய்ந்தது: இவர்கள் முரடர்கள், கூட்டமாக இருந்தால் ஆபத்து. சாதுவும் அவர்களே, முரடரும் அவர்களே. கணிப்பு பொய்த்தபோது கணித்த விதத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. கணிக்கப்பட்டவர்களின் குணத்தைத்தான் மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

சூழ்நிலை செய்வதைக் குணம் செய்வதாகப் படிக்கும் இந்தத் தவறை உளவியலாளர் லீ ராஸ் 1977இல் விரிவாக எழுதினார். மனிதர்கள் ஒருவரையொருவர் எடைபோடுவதில் உள்ள அடிப்படைப் பிழை என்றே அதற்குப் பெயரிட்டார். சிப்காட்டின் சாதுத்தனத்துக்குக் குணம் தேவைப்படவில்லை. தங்கும் ஷெட் காண்ட்ராக்டர் கையில் இருக்கிறது. ஊரில் வாங்கிய முன்பணம் கழியவில்லை. ஓ.டி. சேர்ந்தால்தான் வீட்டுக்கு அனுப்பும் தொகை தேறும். போர்டு படிக்கத் தெரியாது, ஊருக்கு இரண்டு நாள் ரயில். இந்தக் கணக்குக்குள் நிறுத்தப்படும் எவரும் வாய் திறக்கும் முன் பத்து முறை யோசிப்பார். கணக்கு உடையும் நாளில் அதே ஆள் கல்லெடுப்பார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த இடத்தில் நவீன உளவியலில் பாதியைவிடத் தெளிவாக இருக்கிறது என்பது என் எண்ணம். நகை, அழுகை, அச்சம், வெகுளி என்று எட்டு உணர்வுகளைச் சொல்லும் அந்த இயல், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காகக் கொடுக்கிறது. அழுகைக்கு இழிவுபடுத்தப்படுதலும் இழப்பும் வறுமையும் களன்கள். வெகுளிக்கு உறுப்பைச் சிதைத்தல், குடிமக்களை நலித்தல், கொலை என்று பட்டியல் போகிறது. அழுகிறவன் எப்படிப்பட்டவன் என்று அது கேட்பதில்லை, அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது. ஒருவரின் உணர்வை அறிய அவர் நிற்கும் களத்தை முதலில் அறிய வேண்டும் என்பதை இதற்கு மேல் சுருக்கிச் சொல்ல முடியாது.

பிறர் மனத்தை நாம் எப்படி அறிகிறோம் என்ற பரிசோதனை ஆராய்ச்சிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1978இல் டேவிட் பிரிமாக்கும் கை வுட்ரஃபும் சிம்பன்சிக்கு இந்த அறிவு உண்டா என்று கேட்டுத் தொடங்கிவைத்தார்கள். 1983இல் ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் குழந்தைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். பையன் ஓர் அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. நாலைந்து வயதைத் தாண்டியதும் பழைய இடத்தைக் காட்டுகிறது. இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது எனக்குத் தெரிந்ததிலிருந்து வேறுபடலாம் என்ற உணர்வு அந்த வயதில் வந்துவிடுகிறது. பெரிய விஷயம்தான். ஆனால் இதைக் கொண்டு பெரியவர்களாகிய நாம் நமக்கே சூட்டிக்கொண்ட பட்டம் அதைவிடப் பெரியது. பையன் எப்போது வெளியே போனான், எதைப் பார்த்தான், எதைப் பார்க்கவில்லை என்று முழுக் கதையையும் குழந்தைக்குச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்கப்பட்டது. தொழிற்சாலை வாசலில் அந்தக் கதையை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

கதை சொல்லப்படாதபோது எவ்வளவு சரியாக ஊகிக்கிறோம் என்பதை வில்லியம் இக்கிஸ் பல ஆண்டுகள் அளந்தார். இருவர் பேசிக்கொள்வதைப் படமெடுத்து, பிறகு அதை ஒருவருக்குப் போட்டுக்காட்டி, இந்த இந்த இடத்தில் என்ன நினைத்தாய் என்று எழுதி வாங்குவார். மற்றவரிடம் அதே இடத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்பார். முன்பின் தெரியாதவர்கள் ஐந்தில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னார்கள். நெருங்கிய நண்பர்களும் தம்பதிகளும் மூன்றில் ஒன்றை ஒட்டி நின்றார்கள். இதைவிட முக்கியமானது 2018இல் தால் இயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி மூவரும் வெளியிட்ட ஆய்வு. அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார் என்று நம் பாட்டிமாரும் மனிதவள அதிகாரிகளும் ஒருசேரச் சொல்லும் அறிவுரையை அவர்கள் 25 பரிசோதனைகளில் சோதித்தார்கள். அப்படி வைத்துப் பார்த்தவர்களின் ஊகம் கூடுதலாகச் சரியாகவில்லை. சில இடங்களில் தாங்கள் சரி என்ற நம்பிக்கைதான் கூடியது. துல்லியம் கூடியது ஒரே வழியில்: அவரிடமே கேட்டபோது. யோசித்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் இடத்துக்கு நான் போகும்போது என் பட்டா நிலம், என் மொழி, என் சம்பளத் தேதி எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த இடத்தில் அவர் என்ன நினைப்பார் என்பதற்குப் பதிலாக, நான் என்ன நினைப்பேன் என்பது எனக்குத் தெரியவருகிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு தப்பாகும் கருவியை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள்? ஆயிரம் பேர் ஒரே ஷிப்டில் உள்ளே போய் வெளியே வருகிறார்கள், கிரேன் ஓட்டுபவரும் கீழே கொக்கி மாட்டுபவரும் பேசாமலே வேலை செய்கிறார்கள், காலை நேர கும்மிடிப்பூண்டி லோக்கலில் யாரும் யாரையும் மிதித்துக் கொல்வதில்லை. இதெல்லாம் பிறர் மனத்தைக் கணிக்காமலா நடக்கிறது? பெரும்பாலும் கணிக்காமல்தான் நடக்கிறது. ரயில் நின்றால் இறங்குபவர் இறங்குவார், கைச்சைகை காட்டினால் கிரேன் நகரும். பழக்கமும் பணியின் ஒழுங்கும் ஆளை ஆள் முன்கூட்டி அறியச் செய்கின்றன. அவர் மகள் திருமணத்தை நினைத்தபடி கொக்கி மாட்டினாலும், மேஸ்திரியைச் சபித்தபடி மாட்டினாலும் கொக்கி ஒன்றுதான். மனத்தை உண்மையிலேயே அறிய வேண்டிய தேவை, ஒழுங்கு அறுந்துபோகும் நேரத்தில் வருகிறது. அந்த நேரத்தில் பார்த்து, அன்றாடம் நன்றாக நடந்ததைச் சாட்சியாக வைத்து, எனக்கு என் ஆட்களைத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறோம்.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு வைத்திருக்கிறார். 110ஆவது அதிகாரம் காமத்துப்பாலில் வருகிறது. அங்கே தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் படிக்கிறார்கள், இருவருக்கும் அதில் சம அக்கறை. 71ஆவது அதிகாரம் பொருட்பாலில், மன்னரைச் சேர்ந்தொழுகல் என்ற அதிகாரத்தை அடுத்து வருகிறது. அங்கே படிப்பவர் அரசனிடம் பணிபுரிபவர், படிக்கப்படுபவர் அரசன். வாய்விட்டுச் சொல்லாததை முகத்திலிருந்து அறிந்துகொள்ள வேண்டிய பாடு அமைச்சனுடையது. அரசன் அமைச்சனின் முகத்தைப் படிக்கவேண்டும் என்று அதற்கு இணையாக ஓர் அதிகாரம் வைக்கப்படவில்லை. ஒருவரைத் தெரிந்து தெளியும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் அது ஆளைத் தேர்ந்தெடுக்கும் சோதனை. குறிப்பறியும் திறன் எங்கே வளரும் என்பதை இந்த வைப்பு முறையே காட்டிவிடுகிறது. தப்பாகப் படித்தால் யாருக்கு இழப்போ அவரிடம் வளரும். டேச்சர் கெல்ட்னரும் சகாக்களும் 2010இல் இதையே வேறு வழியில் சொன்னார்கள்: சமூகப் படிநிலையில் கீழே உள்ளவர்கள் பிறர் முகத்தின் உணர்வை மேலே உள்ளவர்களைவிடச் சரியாகப் படித்தார்கள். பின்னர் வேறு சிலர் செய்த பரிசோதனைகளில் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகப் புகைப்படங்களை வைத்துத் திறனை அளப்பது எனக்கும் அவ்வளவு திருப்தியானதில்லை. பிரச்சினை திறனைப் பற்றியதே அல்ல, தேவையைப் பற்றியது. சூப்பர்வைசர் இன்று என்ன மனநிலையில் வந்திருக்கிறார் என்று ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஷிப்ட் தொடங்கும்போதே தெரிந்தாக வேண்டும். லீவு கேட்பதும் கேட்காததும் அதைப் பொறுத்தது. தொழிலாளி என்ன மனநிலையில் இருக்கிறார் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியாவிட்டால் அன்றைய உற்பத்தி ஒன்றும் குறைந்துவிடாது. விளைவு விபரீதமானது. மனத்தை நன்கு படிக்கத் தெரிந்தவர்களிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை; அதிகாரம் உள்ளவர்களுக்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. மனம் படிப்பதைத் தனிமனிதத் திறமையாகவும் நற்குணமாகவும் பேசும் புத்தகங்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ஊரை ஒட்டிய ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் காடு சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பட்டது. டயர் ஆலை அமைக்க மிஷ்லின் நிறுவனம் 2009இல் தமிழக அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஊரில் பெரும்பாலோர் தலித்துகள். எடுத்தது யாருடைய பட்டா நிலமும் அல்ல, ஆலை வந்தால் வேலை வரும், பிறகு எதிர்ப்பு எதற்கு என்பது மேலேயிருந்து பார்த்தபோது எழுந்த கேள்வி. கேட்டவர்களைக் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் அந்த ஏழைகளின் இடத்தில் தங்களை வைத்துத்தான் பார்த்தார்கள். தாங்கள் ஏழையாக இருந்தால் ஃபேக்டரி வேலையைத்தான் விரும்பியிருப்போம் என்று உள்ளிருந்து பதில் வந்தது. ஊர்க்காரர்களின் கணக்கு வேறு. ஆடுமாடு மேய்வதும், விறகும், ஏரிக்கு வரும் தண்ணீரும் அந்தக் காட்டோடு பிணைந்திருந்தன. நிலவுடைமை இல்லாத ஒரு சாதிக்கு, எந்த ஆண்டையிடமும் கையேந்தாமல் கால் வைக்கக் கிடைத்த மண் பொதுநிலம் ஒன்றுதான் என்பது பதிவேட்டில் ஏறாத உண்மை. அவர்கள் கூட்டம் போட்டார்கள், மறியல் செய்தார்கள், கைதானார்கள், பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து 2012இல் பாரிஸ் வரை முறையீட்டைக் கொண்டுபோனார்கள். பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை மிஷ்லின் மீறவில்லை என்று அங்கே முடிவு சொல்லப்பட்டது. ஆலை அங்கே இயங்குகிறது. அந்த மக்களின் மனத்தை அறிய உளவியல் நிபுணர் யாரும் தேவைப்பட்டிருக்கவில்லை, அவர்களே தெருவில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னதைக் கேட்காதவர்கள், சொல்லாத ஒன்றை ஊகித்தார்கள்: யாரோ தூண்டிவிடுகிறார்கள்.

கீழே உள்ளவர்களும் தவறாகப் படிப்பதில்லையா என்று கேட்கலாம். படிக்கிறார்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூர் விடுதியில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்களுக்கு உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை நம்பாமல் 17ஆம் தேதி இரவிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்பதே உண்மை. ஆனால் அந்தப் பெண்கள் கணித்தது இரண்டு விஷயங்களை: ஒன்று, தோழிகள் இறந்துவிட்டார்கள், இன்னொன்று, இறந்திருந்தால் நமக்குச் சொல்ல மாட்டார்கள். முதலாவது தவறு. இரண்டாவது, தங்களை நடத்தியவர்கள் மனம் எப்படி வேலை செய்யும் என்று, விடுதியின் சோற்றிலும் தண்ணீரிலும் இருந்து அவர்கள் திரட்டிய அறிவு. சமையலறையில் எலிகள் இருந்ததைப் பரிசோதனைக்குப் போன அதிகாரிகள் கண்டார்கள். சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று, அங்கே ஐபோன் செய்விக்கும் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மீண்டும் திறந்தது. சிங்கப்பூரிலும் இதன் சாயல் உண்டு. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்ததும் கலவரம் வெடித்தது. மீட்புப் பணியைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும் மதுவும் காரணங்கள், தொழிலாளர்களின் வாழ்நிலை காரணமல்ல என்று விசாரணைக் குழு 2014இல் சொன்னது. மது உண்மைதான். ஆனால் அடிபட்ட நம் ஆளை விட்டுவிட்டு மற்றவர்களைத்தான் காப்பாற்றுகிறார்கள் என்ற முடிவுக்கு ஒரு கூட்டம் கணநேரத்தில் ஒருசேர வந்ததென்றால், அந்த எதிர்பார்ப்பு அன்று மாலை பிறந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். தமிழர்கள் அங்கே இருந்த இடத்தில்தான் பீகாரிகள் இங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

மேலேயிருப்பவர் தப்பாகப் படித்தால் திருத்த யாரும் இல்லை என்பதே வேறுபாடு. 2020 மார்ச் 24 இரவு, கொரோனாவுக்காக நாலு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்திலேயே இருப்பார்கள் என்று ஆள்பவர்கள் கணித்தார்கள். 31ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில், சாலையில் இப்போது யாரும் நடக்கவில்லை என்று மத்திய அரசு சொன்னது. மே மாதத்திலும் கும்மிடிப்பூண்டி, எளாவூர் வழியாக ஆந்திர எல்லையை நோக்கி மூட்டையும் பிள்ளைகளுமாக நடந்துகொண்டிருந்தார்கள். சோறு போடுகிறோமே, ஏன் போகிறார்கள் என்று நல்லவர்களும் கேட்டார்கள். 2023 மார்ச்சில் எதிர்ப்பக்கம்: வடமாநிலத்தவர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவ, ஹோலிக்கு ஊருக்குப் போகக் கூடிய ரயில் நிலையக் கூட்டம் உயிருக்கு அஞ்சி ஓடும் கூட்டமாகப் பாட்னாவில் படிக்கப்பட்டது. அதே கூட்டம், அதே மூட்டை. பார்ப்பவர் கையில் இருந்த கதைதான் வேறு. பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களிடம் பேசிய பிறகே அது தணிந்தது.

கேளுங்கள் என்கிறீர்கள், கேட்டால் உண்மையைச் சொல்வார்களா என்பதுதான் கடைசியாக வரும், மிகக் கனமான ஆட்சேபம். சொல்ல மாட்டார்கள். என்ன பிரச்சினை என்றால் ஒண்ணும் இல்ல சார் என்பதே பதிலாக வரும். எனவே வாயைவிட முகத்தை நம்பலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். கேமரா வைத்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கூட விற்பனைக்கு வந்துவிட்டது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் எழுதியவர்களும் 2019இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது தடவைதான் என்று தெரிந்தது. மிச்ச எழுபதில் கோபம் முகத்தில் வேறு விதமாக இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா கண்ணோடு செவியையும் சேர்த்தே கருவியாகச் சொல்வது தற்செயல் அல்ல. ஒண்ணும் இல்ல சார் என்பது மனத்தை மறைக்கும் பொய் என்று எடுத்துக்கொள்வதைவிட, உண்மையைச் சொன்னால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் போட்ட கணக்கின் விடை என்று எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும். விலையைக் குறைத்தால் விடை மாறும். கேட்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு, ஒருவரைக் கேட்டுவிட்டு எல்லோரையும் அறிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் ஊர் திரும்புவதா, இங்கேயே குடியுரிமை பெறுவதா என்று கேட்டால், அந்த மண்ணில் வாழ்ந்துவிட்டு வந்தவரும் முகாமிலேயே பிறந்து சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவரும் ஒரே பதிலைச் சொல்லப்போவதில்லை. அகதிகளின் விருப்பம் என்று ஒருமையில் எழுதும் அறிக்கை எதுவும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

விலையைக் குறைப்பது மனம் திருந்துவதால் நடக்காது, ஏற்பாட்டால் நடக்கும். அந்த ஏற்பாடும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் செய்த திருத்தம், ஆபத்தான தொழில்முறை கொண்ட ஆலைகளில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள் உள்ள பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் பாதுகாப்புக் குழுவை வைத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் காட்டுப்பள்ளியிலும் ஆலை நடத்துபவர்களுக்கும் அவற்றைப் பரிசோதிக்கும் அதிகாரிகளுக்கும் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அந்தக் குழுவில் காண்ட்ராக்ட் தொழிலாளியை உட்காரவையுங்கள். கூட்டத்தை இந்தியிலும் ஒடியாவிலும் நடத்துங்கள். பேசியதற்காக எவருக்கும் வேலை போகாது என்பதை எழுத்தில் கொடுங்கள். தங்குமிடத்தையும் சோற்றையும் பற்றிப் பேச அதில் இடம் கொடுங்கள். அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகு ஊகியுங்கள்.